பாட்டுக்காரருக்குப் படம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஓர் இசையமைப்பாளர் படம் எடுக்கப் போகிறார் என்று செய்தி வந்தால், அதன் கீழே இப்படி ஒரு கருத்துக் கட்டாயம் இருக்கும்: “இவருக்கு என்னத்துக்கு இந்த வேலை? பாட்டுப் போடுறதோட நிக்கலாமே.” 2012இல் விஜய் அன்ரனி ‘நான்’ படத்தைத் தயாரித்துக் கதாநாயகனாக வந்தபோது இதைக் கேட்டோம். 2017இல் ஹிப்ஹொப் ஆதி ‘மீசைய முறுக்கு’ படத்தை இயக்கி நடித்தபோதும் கேட்டோம். ஏ.ஆர்.ரஹ்மான் கதை எழுதித் தயாரித்த ‘99 சோங்ஸ்’ வந்தபோது இன்னும் சத்தமாகக் கேட்டோம்.

இது சினிமா ரசிகர்களின் கேள்வியாக மட்டும் இருந்திருந்தால் நாங்கள் பேசாமல் விட்டிருப்போம். ஆனால் இதே கேள்வியைத்தான் திருகோணமலை மாவட்டத்தில், எங்கள் உப்புவெளியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். “நீ கணக்குப் பிள்ளை. உனக்கு என்னத்துக்கு நாடகம்?” “நீ சித்திரம் நல்லாக் கீறுறாய். உனக்கு என்னத்துக்குக் கெமரா?” அதனால் இதை ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்று. இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்காக இந்தப் பதிவு எழுதப்படவில்லை. அதை உலமாக்கள் சொல்வார்கள். ஒரு தொழிலில் பெயர் எடுத்த மனிதர் இன்னொரு தொழிலுக்குப் போகும்போது என்ன நடக்கிறது, அதில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பதே விஷயம். கருத்துகளில் தயவுசெய்து அதற்குள் நில்லுங்கள்.

ரஹ்மானின் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி 1992இல் ‘ரோஜா’வில் தொடங்கி 2009இல் இரண்டு ஒஸ்கார் விருதுகளில் வந்து நிற்கும். தெரியாத பகுதி அதற்கு முந்தியது. ஒன்பது வயதில் தகப்பனை இழந்த பிள்ளை. தகப்பன் ஆர்.கே.சேகரும் இசையமைப்பாளர்தான். மகன் சின்ன வயதிலேயே கீபோர்ட் வாசித்துக் குடும்பத்தைப் பார்க்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட வேண்டியும் வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் அவர் வெறும் வாத்தியக்காரர். அதன் பிறகு விளம்பரங்களுக்கு இசை போட்டார். 1989இல் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். ‘ரோஜா’வுக்கு மணிரத்னம் அவரைத் தேர்ந்தெடுத்தது இத்தனைக்கும் பிறகு.

இதில் விளம்பர வேலையைக் கவனியுங்கள். முப்பது விநாடி. அதற்குள் ஒரு கதை தொடங்கி முடிய வேண்டும். படம் எங்கே வெட்டுகிறதோ அங்கே சத்தமும் மாற வேண்டும். ஒரு மனிதர் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக வேலை செய்தால் அவருக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? இசையமைப்பாளர்தான் ஒரு படத்தை ஆகக் கூடுதலான தடவை பார்க்கிறவர்களில் ஒருவர். பேச்சு இல்லாத இடம் எது, எங்கே காட்சி நொண்டுகிறது, எங்கே நடிகரின் முகம் போதாமல் வயலினைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே அவர் படம் எடுக்கப் போவது பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி. கடல் கடந்த பயணமாக அதை எடுக்கத் தேவையில்லை.

ஆனால் பக்கத்து வீடு என்பதால் அது எங்கள் வீடாகிவிடாது. இரண்டாவது விஷயம் இங்கேதான் வருகிறது.

‘99 சோங்ஸ்’ எடுக்க ரஹ்மான் ஒய்.எம்.மூவிஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். இசையே வாழ்க்கை என்று நினைக்கும் ஓர் இளைஞனின் கதை. அவர் நினைத்திருந்தால் இந்தியாவின் எந்தப் பெரிய நடிகரும் வந்திருப்பார். எந்தப் பெரிய இயக்குநரும் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் எடுத்ததோ புதுமுகம் இஹான் பட். இயக்கியவர் விஷ்வேஷ் கிருஷ்ணமூர்த்தி. மும்பையில் ‘ஸ்கிரைப்’ என்ற மெட்டல் இசைக் குழுவில் பாடியவர், அவருக்கும் இது முதல் முழுநீளப் படம். கதாநாயகன் பியானோ வாசிப்பது போல நடித்தால் போதாது என்று, சென்னையில் 2008இல் தான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் அவரை உட்கார வைத்துப் பழக்கினார். இயக்குநர் நாற்காலியில் தான் உட்காரவில்லை. கதையும் இசையும் தயாரிப்பும் தன்னிடம், இயக்கம் வேறொருவரிடம்.

படம் 2019இல் தென்கொரியாவின் பூசான் விழாவில் திரையிடப்பட்டது. தியேட்டருக்கு வந்தது 2021 ஏப்ரல் 16இல், இந்தியாவில் கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். தமிழ், ஹிந்தி, தெலுங்கு மூன்றிலும் வந்தது. பெரிதாக ஓடவில்லை. கொரோனாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பாட்டுகளைப் பற்றிப் பேசியவர்கள் அளவுக்குக் கதையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாங்கள் பார்த்த அளவில், ஒவ்வொரு காட்சியும் அடுத்த பாட்டுக்காகக் காத்திருப்பது போலத்தான் இருக்கிறது. கதைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

சரி, தோற்றுவிட்டார். பிறகு என்ன செய்தார்? “எனக்கு ஏன் இந்த வேலை” என்று பழைய கதிரையில் போய் உட்கார்ந்தாரா?

2022இல் கான் திரைப்பட விழாவின் மெய்நிகர் பிரிவில் ‘லு மஸ்க்’ காட்டப்பட்டது. இந்த முறை இயக்குநரும் அவரே. ரோம் நகரில் எடுத்த 36 நிமிடப் படம். அதற்கான வேலை ‘99 சோங்ஸ்’ வெளிவருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017இலேயே அதைப் பற்றி அறிவித்திருந்தார். பார்க்கிறவர் கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு ஒரு விசேட நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலி அசையும், திரும்பும். கதைக்கு ஏற்ற மாதிரி வாசனையும் வரும். வாசனையை வைத்துப் படம் செய்யலாம் என்ற யோசனை சாய்ரா ரஹ்மானுடையது. கஸ்தூரி என்று பெயர் வைத்த படத்தில் மணம் வராவிட்டால் எப்படி? அத்தர் பூசாமல் ஜும்ஆவுக்குப் போகாத எங்கள் ஆட்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும்.

இந்தப் படத்தைத் தியேட்டரில் போட முடியாது. தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. வசூல் கணக்கில் சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று தெளிவு. முதல் படத்தில் அவர் எல்லோரும் நடக்கும் பாதையில் நடக்கப் பார்த்தார். இரண்டாவதில் தனக்கு எது பலம் என்று பார்த்தார். கண்ணைத் தவிர்த்த மற்றப் புலன்கள்தான் அவர் பலம். காது ஏற்கெனவே அவருடையது. அதனோடு மூக்கையும் உடம்பையும் சேர்த்துக்கொண்டார்.

“அவரிடம் காசு இருக்கிறது, பெயர் இருக்கிறது, விழுந்தால் பஞ்சு மெத்தை. ஏழைப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விஷால் பரத்வாஜின் கதையைப் பாருங்கள்.

அவரும் இசையமைப்பாளர். 1996இல் ‘மாச்சிஸ்’, 1998இல் ‘சத்யா’. நல்ல பெயர் இருந்தும் இசை வேலை குறைந்துகொண்டே போனது. இசையமைக்க வாய்ப்பு வேண்டுமென்றால் தானே படம் எடுக்க வேண்டும் என்ற நிலையில்தான் இயக்குநரானேன் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முதல் படம் ‘மக்டீ’, 2002இல் வந்த சிறுவர் படம். இந்தியாவின் சிறுவர் திரைப்படச் சங்கத்துக்காக எடுத்தது. முடித்துக் கொடுத்தபோது அவர்கள் ஏற்கவில்லை. அவர் அதைத் தன் பொறுப்பில் மீட்டு வெளியிட்டார். அடுத்த வருடம் ‘மக்பூல்’, பிறகு 2006இல் ‘ஓம்காரா’, 2014இல் ‘ஹைதர்’. ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களை மும்பையின் நிழலுலகத்துக்கும் உத்தரப் பிரதேச அரசியலுக்கும் காஷ்மீரின் துயரத்துக்கும் கொண்டுபோனவர். இன்று அவரை இயக்குநர் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். இசையமைப்பாளர் என்பது இரண்டாவது. அவர் பஞ்சு மெத்தையில் விழவில்லை. கைவிட்டுப் போகும் தொழிலைக் காப்பாற்ற இன்னொரு தொழிலைக் கற்றார்.

எங்கள் தமிழிலேயே இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். கங்கை அமரன் பாட்டு எழுதினார், இசையும் அமைத்தார், 1982இல் ‘கோழி கூவுது’ படத்தின் மூலம் இயக்குநரானார். 1989இல் அவருடைய ‘கரகாட்டக்காரன்’ ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு படங்களுக்கும் இசை யார் தெரியுமா? இளையராஜா. இயக்குநரும் ஓர் இசையமைப்பாளர், ஆனால் இசையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தான் கதைக்கும் சிரிப்புக்கும் பொறுப்பு எடுத்தார். தெரிந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுப்பது லேசான காரியமா? நன்றாகச் சமைக்கத் தெரிந்த உம்மா, மருமகளிடம் அகப்பையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாவா?

அதற்கும் முன்னால் வீணை எஸ்.பாலச்சந்தர். கர்நாடக சங்கீதத்தில் வீணை என்றால் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. அவர் 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்கு ‘அந்த நாள்’ படத்தை இயக்கினார். தமிழ்ப் படம் என்றாலே பாட்டு என்று இருந்த காலம். அந்தப் படத்தில் ஒரு பாட்டுக் கூட இல்லை. நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. தமிழில் அப்படி வந்த முதல் படம் அதுதான். வாழ்நாள் முழுவதும் சங்கீதத்தோடு இருந்தவர்தான் பாட்டை வெளியே வைத்தார்.

கதை நடப்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் குண்டு சென்னையில் விழுந்த 1943ஆம் ஆண்டில். சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியியலாளர் சுடப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டார்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்தப் போர் எங்கள் ஊருக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் போர் மயானத்தைத் தினமும் தாண்டித்தான் நாங்கள் போகிறோம், வருகிறோம். சென்னையில் ஒரு வீணைக் கலைஞர் அந்தப் போரை வைத்துப் படம் எடுத்துவிட்டார். குண்டு விழுந்த எங்கள் துறைமுகத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் எடுத்த படம் ஒன்றைக் காட்டுங்கள் என்று பிள்ளைகள் கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது?

இப்போது எங்கள் பக்கம் வருவோம்.

உப்புவெளிக் கடற்கரையில் வீடியோ எடுக்காத இளைஞர் இல்லை. கலியாண வீடியோ, ஹோட்டல் விளம்பரம், ட்ரோன் காட்சி. கைபோனிலேயே எடிட் செய்கிறார்கள். சாதாரண தரத்தில் ஒன்பது பாடமும் சித்தியடையாத பையன் ஒளியையும் நிறத்தையும் பற்றிப் பேசும் பேச்சைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் ஒரே விஷயம்தான். மேலிருந்து கடல், மெதுவாக நடக்கும் ஒரு பிள்ளை, பின்னால் யாரோ போட்ட பாட்டு. அது பல சமயம் ரஹ்மானின் பாட்டாகவே இருக்கும்.

அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். வீடியோவில் என்ன மிச்சம்? கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அதில் இல்லை. வள்ளம் மணலில் உரசும் சத்தம் இல்லை. சுபஹுக்குப் பிறகு மீன் ஏலம் கூறுகிறவரின் குரல் இல்லை. கடல் கூட இல்லை. கடல் தெரிகிறது, கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் பக்கீர் பைத்தும் ரபானும் பொல்லடியும் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதையில் ஏறிக் கடந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சுனாமியில் பிள்ளையைத் தேடி ஓடிய தாய்மார் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் போனபோது வெளியூர்க் கெமராக்கள் வந்தன, இரண்டு நாளில் போய்விட்டன. கெமரா எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிறது. இந்தக் கதைகளும் எங்களிடம்தான் இருக்கின்றன. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

சந்திக்காததற்குக் காரணங்களில் ஒன்று, நாங்கள் மேலே சொன்ன கேள்விதான். சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளையைக் கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல், தொழில்நுட்பம் என்று பிரித்துவிடுகிறார்கள். அதன் பிறகு உயிரியல் பிள்ளை நாடகம் போட்டால் அது நேர விரயம். கலைப் பிரிவுப் பிள்ளை ஒலிவாங்கியைக் கழற்றிப் பார்த்தால் அது குழப்படி. அழகியல் பாடம் என்று ஒன்று இருக்கிறது. சித்தியடைய ஒரு பாடம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு மாதம் ஓடி, சான்றிதழ் வாங்கி, சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ரஹ்மானைக் காட்டி “பார், அவரும் பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே” என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மகன், மகள், அவர் பள்ளிக்கூடத்தை விட்டது வீட்டில் அடுப்பு எரிய. படிப்பு அலுத்துப்போய் விடவில்லை. அதன் பிறகும் அவர் உட்காராத வகுப்பு இல்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவும் அவருக்கு ஒரு வகுப்புத்தான். ‘ரோஜா’வுக்கும் ‘99 சோங்ஸ்’ வெளியீட்டுக்கும் இடையில் 29 வருடம். ஒரு வேலையை அடிவரைக்கும் கற்ற பிறகுதான் அடுத்த வேலையின் கதவைத் தட்டினார். ஒன்றிலும் நிலைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசையை மாற்றுவதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில் பிழை இல்லை. ஆனால் கையில் ஒரு வேலையாவது முழுசாக இருக்க வேண்டும். புதிய இடத்தில் பழைய பட்டத்தைக் காட்டாமல் மாணவனாக உட்கார வேண்டும். தனக்கு நன்றாகத் தெரிந்ததையே தேவைப்பட்டால் வெளியே வைக்கத் துணிய வேண்டும், பாலச்சந்தர் பாட்டை வைத்தது போல, கங்கை அமரன் இசையை அண்ணனிடம் கொடுத்தது போல. இதையெல்லாம் செய்த பிறகும் முதல் முயற்சி தோற்கலாம். அப்போது சுற்றி நிற்பவர்கள் “உனக்கு என்னத்துக்கு இந்த வேலை” என்று கேட்காமல் இருந்தால் போதும். பெரிய உதவி வேறு தேவையில்லை.

இதற்குப் பெரிய செலவு இல்லாமல் பாடசாலைகளில் ஒன்று செய்யலாம். ஒரு தவணைக்கு ஒரு முறை, மூன்று நிமிடப் படம். பிள்ளைகளின் போனுக்கு அனுமதி இல்லை, தேவையும் இல்லை. ஆசிரியரின் ஒரு போன் போதும், அதிபரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் போதும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பாட்டுச் சேர்க்கக் கூடாது. முதல் வாரம் கெமராவையே தொடக் கூடாது. சத்தத்தை மட்டும் பதிந்துகொண்டு வர வேண்டும். வீட்டில் மூத்தம்மாவின் குரல், கடை, கடல், பாங்கு முடிந்த பிறகு வரும் அமைதி. அதை வகுப்பில் போட்டுக் கேட்டு, இது எந்த இடம், யாருடைய கதை என்று மற்றப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். படம் அதற்குப் பிறகு. கணக்குப் பிள்ளை எடிட் செய்யட்டும். வெட்டுவதும் ஒரு கணக்குத்தான். சித்திரப் பிள்ளை காட்சியைக் கீறட்டும். ஒன்றும் பேசாமல் பின் வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

முதல் தவணையில் வரும் படங்கள் நன்றாக இருக்காது. அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். ஒஸ்கார் வாங்கியவரின் முதல் படமே ஓடவில்லை என்று சொன்னால் பயம் போய்விடும். ‘99 சோங்ஸ்’ ஒரு வகுப்பறைக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, தம்பலகாமம், நிலாவெளி, பட்டினம் என்று இதை வாசிக்கும் ஆசிரியர்கள் இருப்பீர்கள். உங்கள் பாடசாலையில் இப்படி ஏதாவது நடக்கிறதா? நடந்து தோற்றதா? தோற்றிருந்தால் அதையும் எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் கூடுதலாக உதவும்.